செஸ்டர்டனின் அளவுகோல்: ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையாளர் கண்ட ஐரோப்பாவும் அமெரிக்காவும்

ஆங்கிலம் படித்த நம்மவர் பலருக்கு ஜி. கே. செஸ்டர்டன் என்றால் 'பாதர் பிரவுன்' கதைகள்தான் நினைவுக்கு வரும். வட்ட முகமும் பெரிய குடையுமாக வரும் அந்தக் குள்ளப் பாதிரியார், பொலிசாருக்கு அகப்படாத குற்றவாளியை மனித மனதை அறிந்தே பிடித்துவிடுவார். கதை நல்ல கதைதான். ஆனால் செஸ்டர்டன் தன்னைக் கதைக்காரர் என்று சொல்லிக்கொண்டதில்லை. தான் ஒரு பத்திரிகைக்காரன் என்பதே கடைசி வரை அவருடைய பேச்சு. 1900ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கி 1936இல் மௌத்தாகும் வரை, தென்னாபிரிக்க யுத்தம், அயர்லாந்து, போலந்து, பலஸ்தீன், அமெரிக்கா, ஹிட்லர் என்று தன் காலத்து உலக விவகாரம் ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இவரை நாம் எதற்காக வாசிக்க வேணும்? இரண்டு காரணங்கள். பிரித்தானியப் பேரரசு உச்சத்தில் இருந்த காலத்தில், அந்தப் பேரரசின் தலைநகரிலேயே இருந்துகொண்டு, சிறிய இனங்களுக்காகப் பேசிய எழுத்தாளர் இவர். இது ஒன்று. அதே பேனாவால் இஸ்லாத்தை ஐரோப்பாவின் பகையாகச் சித்திரித்தவரும் இவர்தான். இது மற்றது. முதலாவதைப் பார்த்தவர்கள் இரண்டாவதை மறைத்துவிடுகிறார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் முதலாவதைத் தொடவே மாட்டார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவர் உலகத்தை அளந்த அளவுகோல் எது, அது எங்கே வளைந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

மனிதரும் பத்திரிகையும்

கில்பர்ட் கீத் செஸ்டர்டன் 1874 மே 29இல் லண்டன் கென்சிங்டனில் பிறந்தார். சித்திரம் படிக்கப் போனவர் எழுத்துக்கு வந்தார். மிக உயரம், அதற்கேற்ற பருமன், தோளில் போர்வை போன்ற ஒரு மேலங்கி. லண்டன் பத்திரிகைத் தெருவில் இந்த மனுசனைத் தெரியாதவர் இல்லை. 1905 முதல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' சஞ்சிகையில் கிழமைக்கு ஒரு கட்டுரை. இடையில் சுகயீனமாகக் கிடந்த காலம் தவிர, 31 வருடம் அது நிற்கவில்லை. ஏறத்தாழ 1,600 கட்டுரைகள் தேறும்.

லிபரல் கட்சிக்காரரின் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையிலும் எழுதினார். அதன் உடைமையாளர் கொக்கோ வியாபாரத்தில் பேர்பெற்ற கட்பரி குடும்பம். மனுசன் கொக்கோவையே கேலி செய்து ஒரு பாட்டு எழுதினார். 1913இல் அந்தத் தொடர்பு அறுந்தது. தம்பி சிசில் நடத்திய 'நியூ விட்னஸ்' பத்திரிகையை, தம்பி யுத்தத்துக்குப் போன 1916இல் தான் பொறுப்பெடுத்தார். தம்பி 1918 டிசம்பரில் பிரான்சில் ஓர் இராணுவ வைத்தியசாலையில் இறந்துபோனார். பிறகு 1925 முதல் 'ஜி. கேஸ் வீக்லி' என்று தன் பேரிலேயே ஒரு வாரப் பத்திரிகை. அது பணம் தந்த பத்திரிகை அல்ல, பணத்தை விழுங்கிய பத்திரிகை.

அவர் கத்தோலிக்கராக மாறியது 1922 ஜூலை 30இல். பீக்கன்ஸ்பீல்டில் அப்போது கத்தோலிக்கருக்குக் கோயில் கட்டிடம் இல்லை. ரயில்வே ஹோட்டலோடு சேர்ந்த, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலில் அந்தச் சடங்கு நடந்தது. அவரைச் சபையில் சேர்த்தவர்களில் ஒருவர் ஜோன் ஓகொனர் பாதிரியார். பாதர் பிரவுன் பாத்திரத்துக்கு மூலமே அவர்தான்.

இந்தத் திகதியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேணும். இஸ்லாத்தைப் பற்றி அவர் எழுதிய கடுமையான எழுத்துகளில் முக்கியமானவை 1911க்கும் 1920க்கும் இடைப்பட்டவை. அதாவது, அவர் கத்தோலிக்கராவதற்கு முந்தியவை. ஆகவே கத்தோலிக்கரானதால்தான் இவர் இஸ்லாத்தை எதிர்த்தார் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்த எண்ணத்தை அவர் ஆங்கிலேயப் பாடப் புத்தகத்திலிருந்தும் சிலுவைப் போர்க் கதைகளிலிருந்தும் சின்ன வயசிலேயே எடுத்துக்கொண்டார்.

சின்ன நாட்டின் பக்கம்

1899இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியாவுக்கும் போயர்களுக்கும் யுத்தம் மூண்டது. லண்டன் தெருக்களில் ஒரே ஆரவாரம். யுத்தத்தை எதிர்த்தவன் துரோகி. அந்த நேரத்தில் இருபத்தைந்து வயது செஸ்டர்டன் போயர்களின் பக்கம் நின்றார். அவர் சமாதானவாதி இல்லை. யுத்தமே கூடாது என்று சொன்னவர் இல்லை. தன் வயலையும் வீட்டையும் காக்க ஒருவன் துவக்குத் தூக்கினால் அது நியாயம் என்றார். அந்த வயலின் அடியில் தங்கம் கிடக்கிறது என்பதற்காக ஒரு பேரரசு வந்து இறங்கினால் அது களவு என்றார்.

இந்த யுத்தம் நமக்கும் தூரத்துக் கதை இல்லை. பிடிபட்ட போயர்களில் சுமார் 5,000 பேரைப் பிரித்தானியர் கப்பலேற்றி நம் நாட்டுக்குக் கொண்டுவந்து, தியத்தலாவை முகாமில் அடைத்து வைத்தார்கள். செஸ்டர்டன் யாருக்காகப் பேனா பிடித்தாரோ அவர்கள் ஊவா மலைக் குளிரில் கைதிகளாக இருந்தார்கள்.

இதில் அவர் காணாத ஒன்றும் உண்டு. போயர்களின் வயலுக்கு முந்தைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கறுப்பின மக்களின் நிலத்தில்தான் போயரின் பண்ணை நின்றது. செஸ்டர்டனின் கணக்கில் இரண்டு வெள்ளை இனங்கள் மட்டுமே இருந்தன. இந்தக் குறையை இப்போதே குறித்து வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

1904இல் வந்த 'நொட்டிங் ஹில் நெப்போலியன்' நாவலிலும் இதே எண்ணம். லண்டனின் ஒரு சின்னப் பேட்டை, தன் தெருவைக் காக்க முழு நகரத்தோடும் சண்டைக்குப் போகிறது. கேலிக் கதை மாதிரித் தெரியும். ஆனால் தன் தெருவை நேசிக்கத் தெரிந்தவனுக்கே அடுத்தவனின் தெருவை மதிக்கத் தெரியும் என்பதுதான் அதன் உள்ளே கிடக்கும் கருத்து. பேரரசுக்காரனுக்குத் தெருவும் இல்லை, வீடும் இல்லை. அவனுக்கு உலகப் படம் மட்டும்தான் உண்டு.

இந்தக் கருத்தை அவர் இந்தியாவுக்கும் பொருத்தினார். 1909 செப்டெம்பர் 18 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில், லண்டனில் இருந்த இந்திய தேசியவாதிகளைப் பற்றி எழுதினார். உங்கள் தேசியத்தில் இந்தியாவும் குறைவு, தேசியமும் குறைவு என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஹர்பர்ட் ஸ்பென்சரின் தத்துவம், ஆங்கிலேயப் பாராளுமன்றம், ஆங்கிலேயப் பத்திரிகை, இவை எல்லாவற்றையும் அப்படியே கேட்கிறீர்கள். இதில் உங்களுடையது எது? எங்கள் பழைய வாழ்க்கையை அதன் குறைகளோடேயே எங்களுக்குத் திருப்பித் தாருங்கள் என்று ஓர் இந்தியன் கேட்டால் நான் அவனை மதிப்பேன் என்றார்.

அந்த நேரம் தென்னாபிரிக்க இந்தியரின் வழக்கைப் பேச லண்டன் வந்திருந்தார் மோகன்தாஸ் காந்தி. கட்டுரை அவரை உலுக்கிவிட்டது. தன் 'இந்தியன் ஒப்பீனியன்' வாசகர்களுக்கு அதைக் குஜராத்தியில் அறிமுகப்படுத்தினார். அதே வருடம் நவம்பரில் 'கில்டோனன் காசில்' கப்பலில் திரும்பும்போது பத்தே நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினார். ஆங்கிலேயன் போய் ஆங்கிலேய ஆட்சி மட்டும் மிஞ்சினால் அது சுயராஜ்யமா என்று அந்த நூல் கேட்கும் கேள்வியில் செஸ்டர்டனின் நிழலைக் காணலாம். காந்தியின் சிந்தனைக்கு டோல்ஸ்டோய், ரஸ்கின் என்று வேறு பல ஊற்றுகளும் உண்டு. செஸ்டர்டன் ஒருவர்தான் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு லண்டன் பத்திரிகையின் ஒரு பக்கக் கட்டுரை அந்த வேலையில் பங்கெடுத்தது பெரிய விஷயந்தான்.

அமெரிக்காவின் கேள்விப் படிவம்

1921 ஜனவரியில் செஸ்டர்டன் தன் மனைவி பிரான்சிஸோடு அமெரிக்காவுக்குப் போனார். ஏப்ரல் வரை ஊர் ஊராகச் சொற்பொழிவு. அந்தப் பயணத்தின் பலன் 1922இல் வந்த 'அமெரிக்காவில் நான் கண்டவை' என்ற நூல்.

நூல் தொடங்குவது விசா படிவத்தில்தான். கொன்சல் அலுவலகத்தில் ஒரு கேள்விக் கொத்தைக் கொடுத்தார்கள். நீ அராஜகவாதியா? அமெரிக்க அரசாங்கத்தைப் பலத்தால் கவிழ்ப்பதை ஆதரிக்கிறாயா? நீ பலதார மணக்காரனா? மனுசனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அரசாங்கத்தைக் கவிழ்க்க வருகிறவன் ஆம் என்று எழுதிக் கொடுப்பானா?

அடுத்து அவர் ஓர் ஒப்பீடு செய்கிறார். சற்று முன்புதான் அவர் பலஸ்தீனுக்குப் போய் வந்திருந்தார். யோர்தான் ஆற்றின் அக்கரையில், ஓர் அறபுத் தலைவரின் ஆட்சியில் இருந்த நிலத்திலும் நின்றிருக்கிறார். அங்கிருந்த காவலர்களைப் பார்த்தால் கொள்ளைக்காரர் போல இருந்தார்களாம். ஆனால் அவர்களில் ஒருவரும், நீ எங்கள் தலைவரைக் கவிழ்க்க வந்தாயா என்று கேட்கவில்லை. அரசாட்சியைப் பற்றி உன் கொள்கை என்ன என்று துருவவில்லை. பலதார மணக் கேள்வி எழ இடமே இல்லை. தலைவரே அப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று கேலியாக எழுதுகிறார். கேலி கேலிதான். ஆனாலும் அவர் பதிந்து வைத்த உண்மையைப் பாருங்கள்: முஸ்லிம் நாட்டின் எல்லையில் அவருடைய மனதைச் சோதிக்கவில்லை, சுதந்திர நாட்டின் எல்லையில் சோதித்தார்கள்.

இது ஏன் என்று யோசித்து அவர் கண்ட விடைதான் அந்த நூலின் சிறந்த பகுதி. மற்ற நாடுகள் இரத்தத்தால், மொழியால், நிலத்தால் ஆனவை. அமெரிக்கா 1776 சுதந்திரப் பிரகடனம் என்ற ஒரு கொள்கையால் ஆனது. யாரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்த நாடு, வருகிறவனின் கொள்கையைத்தான் சோதிக்க முடியும். ஒரு சமயச் சபை போல அது நடந்துகொள்கிறது என்றார். ஒரு நாட்டைத் திட்டுவதற்கு முன் அதன் உள் நியாயத்தைத் தேடிப் பிடிக்கும் இந்தக் குணத்தை நம் கட்டுரையாளர்கள் இவரிடம் படிக்கலாம்.

ஆனால் விடை முழுமையானதா? இல்லை. பலதார மணக்காரரைத் தடுக்கும் பிரிவு 1891 சட்டத்தில் வந்தது. பெரும்பாலும் மோர்மன் சபையாரை மனதில் வைத்து எழுதியது; பின்னர் கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம்களுக்கும் அது முட்டுக்கட்டையானது. அராஜகவாதிகளைத் தடுக்கும் பிரிவு, ஜனாதிபதி மெக்கின்லி கொல்லப்பட்ட பின் 1903இல் வந்தது. இவை கொள்கைச் சோதனைகள், சரி. ஆனால் 1882இலேயே சீனத் தொழிலாளருக்குக் கதவு மூடப்பட்டது. 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியையே தடுத்தது. செஸ்டர்டன் ஊருக்குத் திரும்பிய சில வாரங்களில், 1921 மே மாதம், நாட்டுக்கு நாடு கோட்டா வைத்து இன்னொரு சட்டம் வந்தது; 1924இல் அது இன்னும் இறுகியது. கொள்கையால் ஆன நாடு, வாசலில் நின்று இரத்தத்தைத்தான் சோதித்தது. இலண்டனிலிருந்து போன வெள்ளைக்காரருக்கு அந்தக் கதவு தெரியவில்லை, அவ்வளவுதான். 2017 ஜனவரியில் ஏழு முஸ்லிம் பெரும்பான்மை நாட்டவரைத் தடுத்த கட்டளை வந்தபோது, படிவத்தின் பழைய கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்ததை உலகமே பார்த்தது.

அமெரிக்காவில் அவர் பார்த்த இன்னொன்று, நியூயோர்க் பிரோட்வேயின் விளம்பர விளக்குகள். வாசிக்கத் தெரியாதவனுக்கு இது சுவர்க்கம் மாதிரி இருக்கும் என்ற பொருளில் எழுதினார். வாசிக்கத் தெரிந்தால் அது பற்பசையோ சிகரட்டோ! முதலாளித்துவத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதுவதை விட இந்த ஒரு பார்வை கூர்மையானது.

அவர் போன காலம் மதுவிலக்குக் காலம். 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை அமெரிக்காவில் மதுபானம் செய்வதும் விற்பதும் சட்டவிரோதம். செஸ்டர்டன் இதைக் கடுமையாக எதிர்த்தார். பணக்காரனின் நிலவறையில் போத்தல் இருக்கிறது, தொழிலாளியின் கையிலிருந்து மட்டும் பறிக்கிறார்கள் என்பது அவர் வாதம். மது நமக்கு ஹராம், அதில் பேச்சில்லை. ஆனால் இந்த மதுவிலக்கு விஷயத்தில் வரலாறு செஸ்டர்டனோடு ஒரு விளையாட்டு விளையாடியது. அதைச் சொன்னால்தான் அடுத்த பகுதி விளங்கும்.

அளவுகோல் வளைந்த இடம்

1914இல் அவர் 'பறக்கும் சத்திரம்' என்று ஒரு நாவல் எழுதினார். இங்கிலாந்தில் ஒரு பிரபு, துருக்கிய உபதேசகர் ஒருவரின் பேச்சில் மயங்கி, இஸ்லாமியச் சிந்தனையைப் புகுத்தி, மதுச்சாலைகளை எல்லாம் மூடிவிடுகிறார். இரண்டு நண்பர்கள் ஒரு பீப்பாவையும் சத்திரத்தின் பெயர்ப் பலகையையும் தூக்கிக்கொண்டு நாடெங்கும் ஓடுகிறார்கள். இஸ்லாம் வந்தால் பொலிஸ் வந்து மதுச்சாலையை மூடும் என்பதுதான் கதையின் பயம்.

ஆறே வருடத்தில் மதுச்சாலைகள் மூடப்பட்டன. மூடியது எந்தத் துருக்கியனும் அல்ல. அமெரிக்காவின் புரட்டஸ்தாந்து சபைகளும் 'அன்டி சலூன் லீக்'கும், தொழிலாளி தெளிவாக வேலைக்கு வரவேணும் என்று நினைத்த முதலாளிமாரும்தான். ஆனால் முஸ்லிம் ஆட்சியில் வாழ்ந்த கிறிஸ்தவ, யூத சமூகங்களின் மதுவை அவர்களுடைய சொத்தாகவே ஹனபி மத்ஹபின் சட்ட நூல்கள் கருதின. தன்னவரைத் தடுத்தது மார்க்கம். அடுத்தவரின் வீட்டுக்குள் புகவில்லை. செஸ்டர்டன் பயந்த ஆபத்து வந்தது உண்மை. அவர் கைகாட்டிய திசையிலிருந்து வரவில்லை. 1922 நூலில் அமெரிக்க மதுவிலக்கைத் திட்டியவர், தன் நாவலின் குற்றவாளி மாறிப்போனதைப் பற்றி நின்று யோசித்திருக்கலாம்.

இதற்கு முன்பு, 1911 ஒக்டோபரில், 1571 லெபாந்தோ கடற்போரைப் பாடும் அவருடைய புகழ்பெற்ற கவிதை வெளிவந்தது. உதுமானியக் கடற்படை தோற்ற கதை. அதே மாதம் இத்தாலியப் படைகள் லிபியாவின் கரையில் இறங்கின. அடுத்த வருடம் பல்கன் யுத்தம். இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் தம் ஊர்களிலிருந்து அனத்தோலியாவை நோக்கித் துரத்தப்பட்டார்கள். எல்லாத் தரப்பினரும் செய்த அட்டூழியங்களைக் கார்னகி ஆணைக்குழு 1914இல் அறிக்கையாகவே வெளியிட்டது. தன் ஊரிலிருந்து விரட்டப்படும் குடியானவனுக்காக எழுதுவதே தன் வேலை என்றிருந்த செஸ்டர்டனுக்கு இந்தக் குடியானவர்கள் கண்ணில் படவில்லை. அவருக்கு அவர்கள் 'துருக்கியர்'. அதாவது படையெடுத்து வந்தவர்கள். ஐந்து நூற்றாண்டு உழுத நிலமும் சொந்த நிலம் ஆகாதாம்.

பலஸ்தீனில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1919 கடைசியில் புறப்பட்டு எகிப்து வழியாக அங்கே போனார். 1920இல் 'புதிய ஜெரூசலம்' வந்தது. பாலைவனத்தைப் பற்றிய ஓர் அத்தியாயத்தில், இஸ்லாம் பாலைவனம் பெற்ற மார்க்கம், ஒற்றை எண்ணத்தின் மார்க்கம் என்று முடிவு கட்டுகிறார். பக்தாதையும் கொர்தோபாவையும் விடுங்கள். அவர் தங்கியிருந்த ஜெரூசலமே பாலைவனம் இல்லையே! அதே நூலில் யூதர்களுக்கு ஒரு தாயகம் வேணும் என்கிறார். அந்த ஆதரவுக்குப் பின்னால், யூதன் ஒருநாளும் ஆங்கிலேயன் ஆகமாட்டான் என்ற எண்ணம் ஒளிந்திருந்தது. பிரித்தானியாவில் உயர் பதவி வகிக்கும் யூதர்கள் அறபு உடை உடுத்தவேணும் என்று கூட எழுதினார். வேடிக்கையாக எழுதியதாகவே இருக்கட்டும். வேடிக்கை யாரைச் சுட்டது என்பதே கேள்வி. பிரித்தானிய மந்திரிசபையில் இருந்த யூதரான எட்வின் மொண்டேகு 1917இல் பல்பர் திட்டத்தை எதிர்த்தது இந்தப் பயத்தினால்தான்: பலஸ்தீனைத் தாயகம் என்று சொன்னால், பிறந்த நாட்டிலேயே தன்னை அந்நியனாக்கி விடுவார்கள் என்று.

1922 குடிசன மதிப்பீட்டில் பலஸ்தீனில் சுமார் 757,000 பேர். அவர்களில் யூதர்கள் 11 வீதம். மற்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம், கிறிஸ்தவ அறபிகள். அந்தப் பலஸ்தீனக் குடியானவனை நினைத்துப் பாருங்கள். கல் வீடு, பரம்பரை ஒலிவ் மரங்கள், கிராமத்துக் கிணறு, பெரிய கம்பனிக்கு அடிபணியாத சின்ன உழைப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவேணும் என்பதுதான் செஸ்டர்டனும் அவர் நண்பர் ஹிலேர் பெலொக்கும் 1926இல் இயக்கமாகவே தொடங்கிய கொள்கை. அந்தக் கொள்கையின் உயிருள்ள உதாரணம் அவர் கண்ணெதிரே நின்றது. அறபிகள் சியோனிசத்துக்குப் பயப்படுவதை அவர் அறியாமல் இல்லை. ஆனால் போயருக்காகவும் ஐரிஷ்காரருக்காகவும் எழுந்த குரல், இந்த ஒலிவ்த் தோட்டத்துக்காக அதே உரத்தில் எழவில்லை.

1935இல் முசோலினி எதியோப்பியாவின் மேல் படையெடுத்தபோதும் இதே கதைதான். 1929இல் உரோமில் முசோலினியைச் சந்தித்திருந்த செஸ்டர்டன், அவரைப் பற்றி மென்மையாகவே எழுதியிருந்தார். எதியோப்பியா விவகாரத்தில் அவருடைய வாரப் பத்திரிகை தெளிவான கண்டனம் எழுப்பாததால் இயக்கத்துக்குள்ளேயே சண்டை வந்தது. பேரரசுகளை எதிர்த்த பத்திரிகை அது. தாக்கப்பட்டது ஒரு பழைமையான கிறிஸ்தவ நாடு. தாக்கியவர் கத்தோலிக்க இத்தாலி. அளவுகோல் வளைவது மதத்தினால் மட்டும் அல்ல என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம். தன் வீட்டுக்குக் கிட்ட வரும்போதுதான் அது வளைகிறது.

அதே காலத்து இன்னொரு பத்திரிகையாளர்

இங்கே வேறோர் ஆங்கிலேயரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது பொருத்தம். மர்மடியூக் பிக்தால் 1875இல் பிறந்தவர். செஸ்டர்டனுக்கு ஒரு வயது இளையவர். பாதிரியாரின் மகன். பதினெட்டு வயதில் எகிப்து, பலஸ்தீன், ஷாம் என்று சுற்றி அறபு படித்தார். டமஸ்கஸில் இஸ்லாத்தைத் தழுவ விரும்பியபோது, உமையா பள்ளிவாசலின் ஷெய்க் ஒருவர், தாயை நினைத்துப் பார், வயது வரட்டும் என்று திருப்பி அனுப்பினார் என அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. 'நியூ ஏஜ்' பத்திரிகையில் செஸ்டர்டனும் எழுதினார், பிக்தாலும் எழுதினார். பல்கன் யுத்தத்தின்போது இங்கிலாந்தில் துருக்கிக்காக எழுந்த மிகச் சில குரல்களில் பிக்தாலுடையது ஒன்று. 1913இல் இஸ்தான்பூலுக்கே போய்ச் சில மாதம் தங்கி எழுதினார். 1917 நவம்பரில் தன் இஸ்லாத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். அறிவித்த இடம் லண்டன் நொட்டிங் ஹில். செஸ்டர்டன் தன் நாவலுக்குக் களமாக்கிய அதே பேட்டை.

பிறகு பம்பாயில் 'பொம்பே குரோனிக்கல்' ஆசிரியர், ஹைதராபாத்தில் பாடசாலை அதிபர், 1930இல் குர்ஆன் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1927இல் மதராஸ் முஸ்லிம்களின் அழைப்பில் அவர் நிகழ்த்திய உரைகள் இஸ்லாமியப் பண்பாடு பற்றிய நூலாக வந்தன. அதே வரிசையில்தான் பின்னர் இக்பாலும் மதராஸுக்கு வந்தார். 1936 மே 19இல் பிக்தால் வபாத்தானார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, ஜூன் 14இல் செஸ்டர்டன் போனார்.

இருவரும் பத்திரிகையாளர், இருவரும் ஆங்கிலிக்கச் சபையை விட்டு வந்தவர்கள், இருவருக்கும் பேரரசின் பேராசை பிடிக்கவில்லை. வித்தியாசம் என்ன? பிக்தால் முஸ்லிம்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், அவர்களின் மொழியில் பேசியவர். செஸ்டர்டனுக்கு முஸ்லிம் என்பவர் லெபாந்தோ படத்தில் இருந்த எதிரி. நேரில் போன சில கிழமைகளாலும் அந்தப் படம் கலையவில்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டை இதோடு முடித்துக் கைதட்டினால் நாமும் அதே குற்றத்தைச் செய்தவர்களாவோம். துருக்கியின் மேல் கொண்ட அன்பு பிக்தாலின் அளவுகோலையும் வளைத்தது. 1915இல் ஆர்மேனியர்கள் பட்ட பாட்டை அவருடைய பேனா சிறிதாக்கியே காட்டியது. பல்கனில் துரத்தப்பட்ட முஸ்லிம் தாய்க்காக அழுத அதே எழுத்தாளர், பாலைவனத்துக்கு நடத்திச் செல்லப்பட்ட ஆர்மேனியத் தாய்க்காக அதே மாதிரி அழவில்லை. நம்முடையவர் என்பதற்காக இதை மறைத்தால், செஸ்டர்டனிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் போய்விடும்.

கடைசிக் காலமும் கணக்கும்

நியாயமாகச் சொல்ல வேண்டியது இன்னும் உண்டு. கத்தோலிக்கரான பின் 1923இல் எழுதிய புனித பிரான்சிஸ் வரலாற்றில், சிலுவைப் போரின் நடுவே பிரான்சிஸ் எகிப்திய சுல்தானைத் தேடிப் போன சம்பவத்தை எழுதும்போது, வாளை விட வார்த்தை மேல் என்ற பக்கமே செஸ்டர்டன் சாய்கிறார். இனத் தூய்மைக் கொள்கையை எதிர்த்து 1922இல் முழு நூலே எழுதினார். பலவீனமானவன் பிள்ளை பெறக் கூடாது என்று படித்தவர்கள் பெருமையாகப் பேசிய காலம் அது. அமெரிக்க உயர் நீதிமன்றமே 1927இல் கட்டாய மலடாக்கலுக்கு அனுமதி கொடுத்தது. 1933 ஜூலையில் ஹிட்லர் அதைச் சட்டமாக்கினார். செஸ்டர்டன் பதினொரு வருடம் முந்திச் சொன்னார். ஹிட்லர் வந்த பின், யூதர்களைக் காக்கத் தானும் பெலொக்கும் உயிரைக் கொடுக்கவும் தயார் என்ற பொருளில் பேசினார். தன் பழைய எழுத்து எங்கே போய் முடியும் என்பது அப்போது அவருக்கு ஓரளவு விளங்கியிருக்க வேணும்.

அவரைப் புனிதராக்க வேண்டும் என்று அபிமானிகள் கேட்டுவந்தார்கள். 2019இல் நோர்தாம்ப்டன் ஆயர் அந்த முயற்சியைத் தொடங்க மறுத்தார். சொன்ன மூன்று காரணங்களில் ஒன்று, யூதர்களைப் பற்றி அவர் எழுதியவை. தன் சொந்தப் பெரியவரைப் பற்றி ஒரு சபை இவ்வளவு நேர்மையாகப் பேசியது பாராட்டுக்குரியது. முஸ்லிம்களைப் பற்றி அவர் எழுதியது அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் பார்க்கும்போது, ஒருவர் மேல் உள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து சறுக்கிவிடக் கூடாது என்ற பாடம் நமக்கு வேறெவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செஸ்டர்டன் இறந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மொழிபெயர்க்கப் பதிப்புரிமைத் தடை கிடையாது. 1909 கட்டுரையும், அமெரிக்க நூலின் முதல் அத்தியாயமும், 'புதிய ஜெரூசலம்' நூலின் பாலைவன அத்தியாயமும் தமிழில் வரவேணும். பக்கத்திலேயே பிக்தாலின் மதராஸ் உரைகளும் வரட்டும். நம் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலையும் சேர்த்து வாசிக்கட்டும். எந்தப் பக்கத்தில் யாருடைய கோல் நேராக நிற்கிறது, எந்தப் பக்கத்தில் வளைகிறது என்று அவர்களே கோடு போட்டுப் பார்ப்பார்கள்.